பதினொரு விண்ணப்பம், ஒரு பதிலும் இல்லை

கேள்வி: வந்தாறுமூலையில் விஞ்ஞான பீடத்தில் மூன்றாம் வருடம், இரசாயனவியல் படிக்கிறேன். தம்பி ஒலுவிலில் பொறியியல் இரண்டாம் வருடம். வெளிநாட்டுக் கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சிகள் பதினொன்றுக்கு விண்ணப்பித்தேன் (பட்டியல் இணைத்துள்ளேன்). ஒரு பதிலும் இல்லை. காசு கட்டினால் இடம் எடுத்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். கட்டலாமா?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, முகவருக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள். நல்ல ஆராய்ச்சிப் பயிற்சி என்றால் அவர்கள்தான் உங்களுக்குக் கொடுப்பனவு தருவார்கள். ஆளைத் தெரிவு செய்வது அங்குள்ள ஆய்வுகூடம். முகவருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

உங்கள் பட்டியலைப் பார்த்தோம். அதில் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே உங்களுக்கு உரியவையல்ல. அமெரிக்காவின் 'ஆர்.ஈ.யூ' எனும் இளநிலை மாணவர் ஆராய்ச்சித் திட்டங்கள் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் பணத்தில் நடப்பவை. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருந்தால்தான் அந்தப் பணத்தில் இடம் உண்டு. ஜேர்மனியின் 'ரைஸ்' ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டம் வட அமெரிக்க, பிரித்தானிய, அயர்லாந்துப் பல்கலைக்கழக மாணவருக்கு. ஆகவே பதில் வராததை வைத்து உங்களைக் குறைவாக நினைக்க வேண்டாம். இனி எதைத் திறந்தாலும் முதலில் 'யார் விண்ணப்பிக்கலாம்' என்ற பகுதியைப் படியுங்கள்.

எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கக்கூடியவை உண்டு. ஜப்பானின் ஒகினாவா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவனம், சவூதியின் கவுஸ்ட் பல்கலைக்கழகம் (3 முதல் 6 மாதம், 4க்கு 3.5 ஜீ.பீ.ஏ கேட்பார்கள்), வியன்னாவுக்கு அருகேயுள்ள ஒஸ்திரிய விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவனம். தம்பிக்கு ஜெனீவாவின் துகள் பௌதிக ஆய்வு நிலையமான சேர்ன் பொருந்தும், ஆனால் கோடைக்கு முன் மூன்று வருடப் படிப்பை முடித்திருக்க வேண்டும். இப்போதைக்கு அவர் காத்திருக்கட்டும். உங்களுக்கு எங்கள் முதல் தெரிவு ஒகினாவா. நம் பல்கலைக்கழக விடுமுறை எந்த மாதத்தில் விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒகினாவாவிலோ கோடைக்கு வெளியிலும் பயிற்சிக்குப் போகலாம்.

அடுத்தது, விண்ணப்பத்தில் எதைக் காட்டுவது என்பது. நீங்கள் இணைத்திருக்கும் ஒன்பது இணையவழிச் சான்றிதழ்களைவிட, நீங்களே எடுத்த ஒரு அளவீட்டுத் தொகுதி பலமானது. மட்டக்களப்பு வாவி உங்கள் வாசலில் கிடக்கிறது. ஒக்டோபரில் தொடங்கி 12 கிழமை, கல்லடிப் பாலத்தடியிலும் முகத்துவாரத்திலும், ஒரே நாளில், ஒரே நேரத்தில் நீரின் உப்புத்தன்மையை அளவிடுங்கள். ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரைத் துறையில் இரவல் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு துளி விட்டு, வாசிப்பு 0க்கு வரும்வரை திருகாணியைச் சரிசெய்யுங்கள். கடல்நீர் ஏறக்குறைய 35 (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) காட்டும். வாசித்ததும் கண்ணாடியைக் கழுவித் துடையுங்கள். காய்ந்த உப்பு அதில் ஒட்டியிருந்தால் அடுத்த வாசிப்பு கூடிவிடும். மழை, நீரின் வெப்பநிலை, முகத்துவாரம் மணலால் மூடியிருக்கிறதா வெட்டித் திறந்திருக்கிறதா என்பதையும் அன்றன்றே கொப்பியில் எழுதுங்கள். மாரி மழை இறங்க உப்பு குறைவதும், முகத்துவாரம் திறந்ததும் இரண்டு இடங்களின் வாசிப்பும் வெவ்வேறு விதமாக மாறுவதும் வரைபில் தெரியும்.

நீரில் கரைந்த ஒட்சிசனையும் விங்க்லர் முறையில் (இரசாயனம் சேர்த்து நியமித்து அளப்பது) பார்க்க விரும்பினால், போத்தலைக் குமிழி இல்லாமல் நிரப்பி, மங்கனீசு சல்பேற்றையும் கார அயடைட்டையும் கரையிலேயே சேருங்கள். குமிழி நின்றால் பெறுமானம் கூடும். ஆய்வுகூடம் போய்ச் சேர்க்கலாம் என்று விட்டால், வழியிலேயே நுண்ணுயிர்கள் ஒட்சிசனைத் தின்று பெறுமானத்தைக் குறைத்துவிடும்.

விண்ணப்பத்துக்கு முன் பேராசிரியருக்கு எழுதுவதானால் 150 சொல் போதும். அவருடைய ஒரு கட்டுரையில் நீங்கள் உண்மையிலேயே படித்த ஒரு விடயம், அதில் எழும் ஒரு கேள்வி, உங்கள் வாவி அளவீடு, வரக்கூடிய மாதங்கள். ஒரு பக்க சுயவிபரத்தை மட்டும் இணையுங்கள். ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி நாற்பது பேருக்கு அனுப்பினால் முதல் வரியிலேயே கண்டுகொள்வார்கள்.

சிபாரிசுக் கடிதத்தை விரிவுரையாளரிடம் குறைந்தது மூன்று கிழமைக்கு முன் கேளுங்கள். பல இடங்களில் கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு நேரே அவருடைய மின்னஞ்சலுக்குப் போகும், ஸ்பாம் பெட்டியில் விழுந்தும் கிடக்கும். அனுப்பிய அன்றே நேரில் போய், "சேர், வந்ததா?" என்று கேளுங்கள், அது தொந்தரவு அல்ல. அவருடைய பல்கலைக்கழக முகவரியையே கொடுங்கள். கடைசி செமிஸ்டர் பெறுபேறு வெளிவரவில்லை என்றால், வந்த பெறுபேறுகளோடு துறைத்தலைவரின் ஒரு உறுதிக் கடிதத்தை இணையுங்கள். கடவுச்சீட்டை இப்போதே எடுத்து வையுங்கள். தெரிவான பிறகு விசாவுக்கே நாள் போதாது.

தம்பிக்கு ஒன்று: ஆராய்ச்சிப் பயிற்சி தானாகவே கட்டாயத் தொழிற்பயிற்சியாகக் கணக்கில் வராது. போவதற்கு முன்பே பீடத்தின் எழுத்துமூல அனுமதியை வாங்கச் சொல்லுங்கள்.