விற்பனை இரண்டு மடங்காகியும் கையில் காசு தங்கவில்லை. தொழிலில் முக்கியமாகக் கற்க வேண்டிய பாடம் எது?

ஒரே வருடத்தில் விற்பனை இரண்டு மடங்காகிவிட்டது, ஆனாலும் மாதக் கடைசியில் சம்பளம் போடத் திணறுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரக்கை வாங்கி, கடனுக்கு விற்பவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். ரொக்கத்துக்கு மட்டும் விற்பவருக்கு இதில் பாதி பொருந்தாது. எனவே 'எல்லாத் தொழிலுக்கும் இது சரிவராதே' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

விற்பனை இரண்டு மடங்கானதால்தான் உங்களிடம் பணம் இல்லை. 80க்கு வாங்கி 100க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு 30 நாள் கிடக்கிறது, வாங்கியவர் 45 நாள் கழித்துத் தருகிறார், உங்களுக்குச் சரக்கு போடுபவரோ 15 நாள்தான் தவணை கொடுக்கிறார். 30 + 45 − 15 = 60 நாள் உங்கள் கைக்காசு வெளியே நிற்கிறது. நாளுக்கு 100க்கு விற்பனை ஆனபோது 60 × 80, அதாவது 4,800 முடங்கியிருந்தது. நாளுக்கு 200க்கு விற்பனை ஆகும்போது சரக்கின் வாங்கிய விலை 160, முடங்குவது 9,600. கூடுதல் 4,800 எங்கிருந்து வரும்? நாளுக்கு 40 லாபம். வாடகை, சம்பளம் போகப் பாதி மிஞ்சினாலும் 20. அந்த 4,800ஐச் சேர்க்க 240 நாள் ஆகும். அதுவும் எட்டு மாதம் வீட்டுக்கு ஒரு காசு எடுக்காமல் இருந்தால்! லாப நஷ்டக் கணக்கில் இது தெரியாது. பில் போட்ட அன்றே விற்பனை அதில் ஏறிவிடும்.

மூன்று எண்களில் எளிதாகக் குறைவது அந்த 45தான். அதை 30 ஆக்கினால், இப்போதைய விற்பனையில் முடங்கிய உங்கள் முதலில் 15 × 160 = 2,400 விடுபடும்.

தாமதத்துக்கெல்லாம் வாங்குபவரின் மனசுதான் காரணம் என்று நினைக்காதீர்கள். பல நேரம் கோளாறு நம் பில்லிலேயே இருக்கும். பர்ச்சேஸ் ஆர்டர் எண் (வாங்குபவர் ஆர்டரில் போட்ட எண்) இல்லை, பில்லில் 50 உருப்படி, அவர்கள் கையெழுத்துப் போட்ட டெலிவரி சலானில் 48, நிறுவனத்தின் பதிவுப் பெயருக்குப் பதில் கூப்பிடும் பெயர். இதில் ஒன்று போதும், பில் ஓரமாக ஒதுங்கிவிடும். உங்களுக்கு யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். சரக்கு போன அன்றே பில் போக வேண்டும். 'மாதக் கடைசியிலிருந்து 30 நாள்' என்ற தவணையில், 31ஆம் தேதி போட வேண்டிய பில்லை மறுநாள் போட்டால் கணக்கு அடுத்த மாதக் கடைசியிலிருந்துதான் தொடங்கும்; ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் போயிற்று.

தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே அவர்களுடைய கணக்குப் பிரிவைக் கூப்பிடுங்கள். 'பணம் எப்போது வரும்?' என்று கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். 'பில் பாஸ் ஆகிவிட்டதா, ஏதாவது குறை இருக்கிறதா?' என்று கேளுங்கள். இதற்கு ஆம், இல்லை என்று சொல்லியே ஆக வேண்டும். இப்படிக் கேட்டால் உறவு கெட்டுவிடும் என்பார்கள் சிலர். தேதி கடந்த பிறகு கோபத்தில் பேசினால்தான் கெடும்.

அடுத்து, 13 வாரத்துக்கான பண வரவு செலவு அட்டவணை. வாரத்துக்கு ஒரு நெடுவரிசை: ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, கடைசி இருப்பு. வரவைப் பில்லில் உள்ள தவணைத் தேதியில் எழுதாதீர்கள். வாங்குபவர் வழக்கமாக 52ஆம் நாள்தான் தருவார் என்றால் 52ஆம் நாளில் எழுதுங்கள். வாங்குபவரிடம் வசூலித்த வரிப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள், அது உங்களுடையது இல்லை. அட்டவணை என்றதும் ஞாபகம் வருகிறது: தலைப்பை நடுவில் வைக்க எக்செல்லில் செல்களை மெர்ஜ் செய்து ஒன்றாக்குபவர்களை என்னதான் செய்வது? பார்க்க அழகு, ஆனால் தேதி வாரியாக வரிசைப்படுத்தப் போனால் மறுத்துவிடும். தேதியை எழுத்தாக அடிப்பவர்கள் இன்னொரு ரகம். எத்தனை நாள் பாக்கி என்று கழிக்கப் போனால் பல நேரம் பிழைதான் வரும். தலைப்பை நடுவில் வைக்க மெர்ஜ் இல்லாமலே வேறு வழி உண்டு ஐயா.

நெருக்கடியில் தள்ளுபடி கொடுத்து விற்கத் தோன்றும். 100ஐ 90க்குக் கொடுத்தால் லாபம் 20லிருந்து 10. அதே லாபத்துக்கு இரண்டு மடங்கு சரக்கு போக வேண்டும், முடங்கும் பணமும் இரண்டு மடங்காகும். 30 நாள் தவணையில் 10 நாளுக்குள் தந்தால் 2 சதவீதம் கழிவு என்பது சின்னதாகத் தெரியும். 20 நாள் முன்னதாகப் பணம் வருவதற்கு அந்த விலை, வருடக் கணக்கில் சுமார் 37 சதவீத வட்டி. உங்களுக்குச் சரக்கு போடுபவர் அப்படிக் கழிவு தந்தால், அதைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கியாவது பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுப்பதாக இருந்தால் யோசியுங்கள்.

90 நாள் தாண்டிய பாக்கிகள் தனி விஷயம். 100க்கான ஒரு பில் வராமலே போனால் உங்கள் 80 போச்சு. செலவு போக 100க்கு 10 மிஞ்சும் தொழிலில், அதை ஈடுகட்டவே இன்னொரு 800க்கு விற்க வேண்டும். 90 நாள் தாண்டிப் பாக்கி வைத்தவர் மறுபடி ஆர்டர் கொடுத்தால், புதுச் சரக்குக்கு முழுப் பணமும் முன்கூட்டியே, பழையதில் நான்கில் ஒரு பங்கும் சேர்த்து. வந்த பணத்தை எந்தப் பில்லில் கழிக்கிறீர்கள் என்று அன்றே எழுதி அனுப்புங்கள். மீதிப் பாக்கி இவ்வளவு என்று அவர் கையெழுத்தோடு ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். ஏனென்றால் 'அந்தச் சரக்கில் குறை இருந்தது' என்ற பேச்சு பெரும்பாலும் பணம் கேட்கும்போதுதான் முதல் முறையாக வரும்.