சாலைக்குக் கோடு போட்ட மனையை வாங்கலாமா?

கேள்வி: காரைக்குடிக்கு வெளியே தேவகோட்டை ரோட்டுப் பக்கம் 5 சென்ட் மனை பேசியிருக்கிறோம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்த இடத்தில் சாலை போகிறது என்கிறார் உறவினர். "அது மேப்பில் போட்ட கோடு, ரோடு வரவே வராது" என்கிறார் தரகர். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். உத்தேசச் சாலை அதில் வராது, பட்டாவிலும் வராது. கோடு போடுவது நகர் ஊரமைப்புத் துறை, ரோடு போடுவது நெடுஞ்சாலைத் துறை, பத்திரம் பதிவது பதிவுத் துறை. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டினது. இன்றைக்கும் மனை வாங்குகிறவர்தான் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது, இது அநியாயம்.

சர்வே எண், உட்பிரிவு எண்ணோடு புலப்பட (நிலத்தின் அளவுகளைக் காட்டும் சர்வே வரைபடம்) நகல் வாங்கி, அதில் உங்கள் மனையைக் குறித்து, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். நில உபயோகம் என்ன, உத்தேசச் சாலை தொடுகிறதா, அதன் அகலம் எத்தனை மீட்டர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். 33-க்கு 66 அடி மனையில் முன்பக்கம் 10 அடி போனால் 330 சதுர அடி போச்சு. வீட்டுக்கு முன் விட வேண்டிய இடத்தையும் புது எல்லையிலிருந்துதான் அளப்பார்கள். கோட்டுக்குள் வீடு கட்டத் திட்ட அனுமதி கிடைக்காது.

தரகர் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி, திட்ட அறிவிப்பு அரசிதழில் வந்து 3 ஆண்டுக்குள் நிலத்தைக் கையகப்படுத்த அறிவிக்கையும் வராமல், பேசி வாங்காமலும் விட்டால், அந்த ஒதுக்கீடு தானாக நீங்கியதாகக் கருதப்படும். ஆனால் வரைபடத்தில் கோடு அப்படியே கிடக்கும். அதைக் காட்டியே அனுமதியை மறுப்பார்கள். அரசிதழ் தேதியோடு மனுப் போட்டு, அதுவும் நடக்காவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். அந்த அலைச்சல் இப்போதைய உரிமையாளருடையது. அவர் கோட்டை நீக்கி உத்தரவு வாங்கி வரட்டும், பிறகு விலை பேசுங்கள்.

தேசிய நெடுஞ்சாலைக்காக எடுக்கும் நிலத்துக்கு இந்த 38-ஆம் பிரிவு உதவாது. அதற்கு 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம். நிலம் எடுக்கப் போவதாகச் சொல்லும் 3ஏ அறிவிக்கை வந்தால் ஆட்சேபிக்க 21 நாள்தான். நிலத்தை எடுப்பதை உறுதி செய்யும் 3டி அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுடையது.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று நோட்டீஸ் அடித்து விற்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரமே கிடையாது. வரன்முறை (அனுமதியில்லாத மனையைப் பின்னால் முறைப்படுத்துவது) செய்துகொள்ளலாம் என்பார்கள். 2017 விதிகளின்படி அது 20.10.2016 வரை பதிவான மனைகளுக்குத்தான். நோட்டீஸில் அச்சடித்த லேஅவுட் படத்தில் உத்தேசச் சாலையை அழித்துவிடுவது பழைய தந்திரம். அனுமதி எண்ணைக் குறித்துக்கொண்டு, முத்திரையிட்ட வரைபடத்தை அலுவலகத்திலேயே பாருங்கள். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் மனையில் விழுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

முன்பணம் கொடுத்தே தீர வேண்டும் என்றால், உத்தேசச் சாலை இருப்பதாகப் பதில் வந்தால் முழுத் தொகையும் 15 நாளில் திரும்ப வேண்டும் என்று கிரய ஒப்பந்தத்தில் எழுதி, உரிமையாளரிடமே கையெழுத்து வாங்குங்கள். தரகர் கையெழுத்துச் செல்லாது.