பங்கு பிரிக்கும் நேரத்தில்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1991 ஜனவரியில் சோமாலியாவின் சர்வாதிகாரி சியாத் பாரேயைத் தலைநகர் மொகதிஷுவிலிருந்து விரட்டிய கிளர்ச்சி அமைப்பான ஐக்கிய சோமாலி காங்கிரஸ், அந்த ஆண்டு முடிவதற்குள் தனக்குள்ளேயே போரிட்டுக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். ஒரே மொழி, ஒரே மதம், போதாததற்கு இரு தரப்பும் ஹாவியே என்ற ஒரே குலம். பிறகு எதற்காக? அதன் தலைவர்களான அய்தீத், அலி மஹ்தி இருவரின் பதவி ஆசைதானா?

ராகவன்

அன்புள்ள ராகவன்,

ஆசை இருவருக்கும் இருந்தது. ஆனால் தலைவர்களின் ஆசைக்காக நான்கு மாதம் ஒரு நகரத்துக்குள் பீரங்கி முழங்காது. யாருடைய துப்பாக்கி, யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

ஹாவியே என்பது மிகப் பெரிய குடை. அதனுள் ஹபர் கிதிர், அப்கால், முருசாதே எனக் கிளைகள். ஹபர் கிதிருக்குள் ஸஅத், அய்ர், ஸலேபான் என்று மேலும் உட்கிளைகள். சாதாரண சோமாலியின் அன்றாடத்தில் எடை உள்ளது இவற்றுக்கும் கீழே இருக்கும் கூட்டம்: ஒருவன் கொலை செய்துவிட்டால் சேர்ந்து ஈடு கட்டும் சில நூறு அல்லது சில ஆயிரம் ஆண்கள். ஆண் உயிருக்கு நூறு ஒட்டகம், பெண் உயிருக்கு ஐம்பது என்பது மரபான கணக்கு. நம்முடைய 'பங்காளி' என்ற சொல் இவர்களுக்கு அப்படியே பொருந்தும். ஹாவியே அளவில் இப்படியொரு கூட்டுப் பொறுப்பு கிடையாது. பாரே என்ற பொது எதிரி இருந்தவரை அந்தப் பெயர் தாங்கியது, அவ்வளவுதான்.

அமைப்பும் ஒன்றாகப் பிறக்கவில்லை. 1989 ஜனவரியில் ரோமில் தொடங்கினார்கள். படை, எத்தியோப்பிய எல்லையில் அய்தீத்தின் கீழ் திரண்டது. ஆட்கள் பெரும்பாலும் நாட்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஹபர் கிதிர். (அய்தீத் அதற்குமுன் டெல்லியில் சோமாலியத் தூதராக இருந்தவர்.) மொகதிஷுவிலோ வணிகர்களும் முன்னாள் அதிகாரிகளும் கொண்ட அணி. நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் தம்முடையதாகக் கருதிய அப்கால் கிளையின் செல்வாக்கு அங்கே அதிகம். விடுதி உரிமையாளரான அலி மஹ்தியும் அப்கால்.

பாரே ஓடியதும் ஓரிரு நாளில் நகர அணி அலி மஹ்தியை இடைக்கால அதிபராக அறிவித்தது. அய்தீத்தைக் கேட்கவில்லை. ஜூலையில் கட்சித் தலைவர் பதவி அய்தீத்துக்குப் போனது. அதே மாதம் அண்டை நாடான ஜிபூத்தியில் நடந்த மாநாடு அலி மஹ்தியை அதிபராக உறுதிசெய்தது. கட்சி ஒருவரிடம், நாற்காலி இன்னொருவரிடம்.

இதைவிட ஆழமான விவகாரம் வீடுகள். பாரேயின் குலமான தாரோத் குலத்தவர் விட்டு ஓடிய வீடுகளிலும் கடைகளிலும், நடுப்பகுதியிலிருந்து வந்த ஹபர் கிதிர் படையினர் குடியேறிவிட்டார்கள். அப்கால்களின் பார்வையில் அவர்கள் வந்தேறிகள். ஹபர் கிதிரின் பார்வையில் அந்த வீடுகள், ரத்தம் சிந்தியவர்களுக்குக் கிடைத்த பங்கு. நவம்பர் 17 அன்று சண்டை வெடித்தது. 1992 மார்ச்சில் போர்நிறுத்தம் வருவதற்குள் சுமார் 14,000 பேர் இறந்ததாக மதிப்பீடு. நகரின் வடக்கு அலி மஹ்திக்கு, தெற்கு அய்தீத்துக்கு, நடுவே ஒரு 'பச்சைக் கோடு'.

ஒப்பந்தங்கள் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் விடை இங்கேதான். படையினருக்கு ஒழுங்கான சம்பளம் இல்லை. சாலைத்தடுப்பில் பிடுங்கும் காசும் கொள்ளையும்தான் வருமானம். போதைக்காக மெல்லும் காத் இலைச் செலவும் அதிலேதான். 'டெக்னிக்கல்' எனப்படும் துப்பாக்கி பொருத்திய பிக்கப் வண்டி பல சமயம் ஒரு வணிகருடையது. அதில் ஏறுபவர்கள் அவருடைய உறவுக்காரர்கள். மேலே தலைவர் கையெழுத்துப் போடலாம். தடுப்பை எடுப்பதா என்று முடிவு செய்வது அந்தத் தெருவைப் பிடித்திருக்கும் உட்கிளை. 1992இல் மொகதிஷு விமான நிலையம் அய்தீத்தின் பகுதியில் இருந்தும், அதைக் கையில் வைத்திருந்தவர்கள் ஹவாத்லே என்ற வேறொரு கிளையினர்.

குலப்பகை என்று சொல்லிவிட்டால் 1995ஐ விளக்க முடியாது. அய்தீத்தின் பணப்பெட்டியாக இருந்தவர் உஸ்மான் ஆத்தோ. அவரும் ஸஅத், அய்தீத்தின் சொந்த உட்கிளை. அவர் பிரிந்துபோய், அப்காலான அலி மஹ்தியுடன் கைகோத்தார். 1996 ஆகஸ்ட் 1 அன்று அய்தீத் இறந்தது, இந்தக் கூட்டணிக்கு எதிரான சண்டையில் பட்ட குண்டுக் காயத்தால்.