கணினியில் 102, பலகையில் 85

கேள்வி: தைப்பூசக் காவடிக்கு உருமி மேளம் நன்றாக அதிர வேண்டும் என்று கோயில் சப்வூஃபருக்கு, தாழ்ந்த ஒலிகளை மட்டும் விடும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் செய்தேன் அண்ணா. சாலன்-கீ சர்க்யூட், 11 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 220, 100 நானோஃபாரட் கெபாசிட்டர்கள், டிஎல்072 ஆப்-ஆம்ப் (சிக்னல் பெருக்கி) சிப். சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸில் 102 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறங்குகிறது, பலகையில் அளந்தால் 85-லேயே இறங்கிவிடுகிறது. இந்த மென்பொருளை நம்பலாமா?
- வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தாராளமாக நம்பலாம் தம்பி. நானும் கையால் கணக்குப் போட்டேன், 102 தான் வருகிறது. ஆனால் அது நீங்கள் தட்டிக் கொடுத்த எண்களுக்கான விடை. பலகையில் இருப்பதும் அதே எண்கள்தானா என்று அளந்தீர்களா? பழைய டப்பாவில் கிடந்த செராமிக் கெபாசிட்டர் என்றால் 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது சாதாரணம். இரண்டுமே 20 சதவீதம் கூடியிருந்தால் 102-ஐ 1.2-ஆல் வகுத்துப் பாருங்கள், 85! என் சந்தேகம் முதலில் அங்கேதான். மீட்டரில் அளந்து, வந்த எண்ணை அப்படியே எல்டிஸ்பைஸில் போட்டு ஓட்டுங்கள், முடிந்தால் 5 சதவீத ஃபிலிம் கெபாசிட்டருக்கு மாறிவிடுங்கள்.

அப்புறம், ஃபில்டருக்கு முன்னால் வால்யூம் பாட் (ஒலியளவுக் குமிழ்) வைத்திருக்கிறீர்களா? எல்டிஸ்பைஸ் படத்தில் நாம் போடும் வோல்டேஜ் சோர்ஸுக்கு உள்மின்தடையே கிடையாது, நிஜத்தில் அப்படி இல்லை. 10 கிலோ ஓம் பாட் நடுவில் நின்றால் 2.5 கிலோ ஓம் முதல் ரெசிஸ்டரோடு சேர்ந்துகொள்ளும், அது ஒன்றே 102-ஐ 92-க்கு இழுத்துவிடும், குமிழைத் திருப்பும்போதெல்லாம் வேறு மாறும். டிஎல்072-க்குள் இரண்டு ஆப்-ஆம்ப் உண்டே, சும்மா இருக்கும் இன்னொன்றை வால்யூம் பாட்டுக்கும் ஃபில்டருக்கும் நடுவில் பஃபராக, அதாவது பாட்டின் மின்தடை ஃபில்டரைத் தொடாதபடி ஒரு தடுப்பாகப் போடுங்கள்.

அடுத்த முறை சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன்பே எல்டிஸ்பைஸில் மான்டி கார்லோ, அதாவது பாக மதிப்புகளைத் தற்செயலாக மாற்றி மாற்றிப் பார்க்கும் சோதனை, ஓட்டிவிடுங்கள். கெபாசிட்டர் மதிப்பு இருக்கும் இடத்தில் 'எம்சி' (mc) ஃபங்ஷனை எழுதி, 10 சதவீதத்துக்கு 0.1 கொடுத்து, ஸ்டெப் கட்டளையால் 100 தடவை ஓட விட்டால் 100 வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அந்தப் பட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் உங்கள் ஃபில்டர் நகரலாம். ஒற்றை வளைவைப் பார்த்துவிட்டுப் பாகம் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: பஜனை ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் ஹம் (மின்சார ரீங்காரம்). ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போட்டால் போய்விடுமா?
- வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ட்வின்-டி வகை நாட்ச்சுக்கு 68 கிலோ ஓம், 47 நானோஃபாரட் எடுத்தால் 49.8 ஹெர்ட்ஸ் வரும், எண் என்னவோ அழகுதான். ஆனால் ஹம்மில் 100, 150 ஹெர்ட்ஸும் கலந்திருக்கும், அவை அப்படியே நிற்கும், மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலிப் பக்கம்) நாதம்தான் மெலியும். சரி, முதலில் மிக்ஸரையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே பிளக் பாயிண்டில் சொருகிப் பாருங்கள் அம்மா, பெரும்பாலும் கிரவுண்ட் லூப்தான், அதாவது எர்த் இணைப்பு இரண்டு வழியாகச் சுற்றிக்கொள்வது. எர்த் கம்பியை மட்டும் எக்காரணத்துக்காகவும் கழற்ற வேண்டாம்.