பதிவேட்டுக்கு வெளியே உள்ள பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

பள்ளிக் கல்வி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். நான் வடசென்னையில் ஓர் அறக்கட்டளையில் கள ஊழியராக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு நிதியில் நடக்கும் எங்கள் திட்டம் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் சில மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியர்களையும் கழிப்பறைகளையும் கொடுத்தது, மாலை வகுப்புகள் நடத்தியது. பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பதும் எங்கள் வேலை. கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பரில் தொடக்கப் பள்ளிகள் திறந்தபோது தொடங்கிய இந்தத் திட்டம் முடிவுக்கு வந்திருக்கிறது. நிதி தந்தவர்கள் மதிப்பீட்டு அறிக்கை கேட்கிறார்கள். தகவல் திரட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் பள்ளிகளில் சேர்க்கை நன்றாக உயர்ந்திருக்கிறது. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் வைத்த வாசிப்புச் சோதனையில் சராசரி முன்பைவிடக் குறைந்திருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் திக்காமல் வாசிக்க முடியாதவர்கள் பலர். எங்கள் மேலாளர், "சேர்க்கையை முதல் பக்கத்தில் போடு, வாசிப்புச் சோதனையை விட்டுவிடு, இல்லையென்றால் அடுத்த கட்ட நிதி வராது" என்கிறார். இந்தத் திட்டம் வெற்றியா, தோல்வியா? நான் எதை எழுதட்டும்?

வ.
கொருக்குப்பேட்டை

அன்புள்ள வ.,

உங்களிடம் இருக்கும் இரண்டு எண்களில் எதை வைத்தும் வெற்றி என்றோ தோல்வி என்றோ சொல்ல முடியாது. மேலாளர் பெருமையோடு காட்டும் எண்ணுக்குள் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அவர் மறைக்கச் சொல்லும் எண் நல்ல செய்தியாகவும் இருக்கலாம். இரண்டுமே பள்ளிப் பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைகளை மட்டும் பார்த்து எடுத்தவை. உங்கள் திட்டமோ பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைகளுக்காகத் தொடங்கியது.

சேர்க்கையை முதலில் பார்ப்போம். உங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை போன வருடம் எங்கே இருந்தாள்? வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தாளா, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள இன்னொரு மாநகராட்சிப் பள்ளியில் படித்தாளா, கட்டணம் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து வந்தாளா? மூன்றும் பதிவேட்டில் ஒரே மாதிரி ஒரு வரியாகத்தான் ஏறும். முதல் வகைப் பிள்ளைதான் உங்கள் திட்டத்தின் பலன். இரண்டாம் வகையில், நீங்கள் கழிப்பறை கட்டியதால் பக்கத்துப் பள்ளி ஒரு பிள்ளையை இழந்தது, அவ்வளவே. அந்தப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையும்; உங்கள் அறிக்கையில் அது எங்கேயும் வராது. மூன்றாம் வகை 2020, 2021இல் தமிழகம் முழுவதும் நடந்தது. ஊரடங்கில் வருமானம் போன குடும்பங்கள் அரசுப் பள்ளிகளை நாடி வந்தன. அதற்கு எந்த அறக்கட்டளையும் உரிமை கோர முடியாது.

கிராமப்புறத்துக்காக எழுதப்பட்ட மதிப்பீட்டுப் படிவங்கள் நம் பகுதியில் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். பள்ளியே இல்லாத ஊரில் பள்ளி கட்டினால், சேர்ந்த பிள்ளைகள் அனேகமாக எல்லோரும் புதியவர்கள். வடசென்னையில் பத்து நிமிட நடைக்குள் இரண்டு மூன்று பள்ளிகள் இருக்கின்றன. இங்கே சேர்க்கை எண் பிள்ளைகளின் இடமாற்றத்தைத்தான் பெரும்பாலும் காட்டும். தலைமை ஆசிரியர்கள் உதவினால், எமிஸ் பதிவையும் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் வைத்திருக்கும் கணினிப் பதிவு) மாற்றுச் சான்றிதழையும் வைத்து ஒவ்வொரு புதுப் பிள்ளையும் எங்கிருந்து வந்தாள் என்று பிரித்துவிடலாம். இதை முதலில் செய்யுங்கள்.

இனி வாசிப்புச் சோதனை. பள்ளிக்கே வராமல் இருந்தவர்கள், பாதியில் நின்றவர்கள், வீட்டில் எழுத்தறிந்தவர் ஒருவரும் இல்லாதவர்கள் வகுப்பில் வந்து உட்காரும்போது வகுப்பின் சராசரி இறங்கத்தான் செய்யும். முன்பு அவர்கள் சோதனைக்கே வரவில்லை. அதனால் சராசரி அழகாக இருந்தது. ஆகவே அந்த வீழ்ச்சி உங்கள் தேடலின் விளைவாக இருக்கலாம். அல்லது கற்பித்தல் உண்மையிலேயே மோசமாகியிருக்கலாம். புதிதாக வந்தவர்கள் மீது கவனம் போனதில் பழைய பிள்ளைகள் பின்தங்கியிருக்கலாம். எது என்று பள்ளிக்குள்ளேயே நின்றுகொண்டு கண்டுபிடிக்க முடியாது.

மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ நாட்டில் அமெரிக்க அரசின் நிதியில் 2005இல் தொடங்கிய ஒரு திட்டம், பெண் பிள்ளைகளின் படிப்பு மிகவும் பின்தங்கியிருந்த 132 கிராமங்களில் தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, சிறு குழந்தைகளுக்குக் காப்பகம், ஒழுங்காக வரும் பெண் பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகத் தானியம் என்று யோசித்துச் செய்த திட்டம். மதிப்பீடு செய்ய வந்தவர்கள் இரண்டு காரியங்களைச் சரியாகச் செய்தார்கள். கிராமங்களைத் தேர்வு செய்தபோது அரசு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டிருந்தது. மயிரிழையில் தேர்வான கிராமங்களை மயிரிழையில் தவறிய கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். பிறகு, பள்ளிக்குப் போகாமல் வீடு வீடாகப் போனார்கள். பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கும் சேராத பிள்ளைக்கும் ஒரே சோதனையை வைத்தார்கள். சேர்க்கை சுமார் 19 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. கற்றல் சுமார் 0.4 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் புள்ளியியல் அளவு) உயர்ந்திருந்தது. கல்வி ஆய்வுகளில் இது பெரிய உயர்வு. ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் கணக்கில் எடுத்ததால்தான் இதைச் சந்தேகம் இல்லாமல் சொல்ல முடிந்தது. பள்ளிக்குள் மட்டும் சோதித்திருந்தால் புதிதாக வந்தவர்கள் சராசரியைக் கீழே இழுத்திருக்கலாம், ஒரு நல்ல திட்டம் தோற்றதாகத் தெரிந்திருக்கலாம்.

நம் நாட்டில் நேர்மாறாக நடந்தது. மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் 1994இல் உலக வங்கி, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், நெதர்லாந்து, யுனிசெஃப் ஆகியோரின் உதவியோடு தொடங்கியது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண்களின் எழுத்தறிவு தேசியச் சராசரியான 39.29 சதவீதத்துக்குக் கீழே இருந்த மாவட்டங்களுக்கு முன்னுரிமை. தமிழகத்தில் தருமபுரி, திருவண்ணாமலை ஆகியவை முதல் கட்டத்திலேயே வந்தன. சென்னை அதில் இல்லை. செலவில் 85 சதவீதத்தை மத்திய அரசு வெளி உதவியிலிருந்து கொடுத்தது, 15 சதவீதம் மாநிலங்களுடையது. கட்டடங்களுக்கு 24 சதவீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்று முதலில் வரம்பு கட்டியிருந்தார்கள். காசு முழுவதும் சிமெண்டில் போய்விடக் கூடாது என்ற அந்தக் கவலையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் இலக்கை எழுதியபோது சறுக்கினார்கள். இடைநிற்றலை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது, கற்றல் அடைவைத் தொடக்க அளவிலிருந்து 25 சதவீதம் உயர்த்துவது என்பவை இலக்குகள். முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்ற கேள்வி மட்டும் இருந்தது. திட்டம் இல்லாத மாவட்டம் அதே காலத்தில் எவ்வளவு முன்னேறியது என்ற கேள்வி இலக்குக்குள் இல்லை.

பின்னால் ஜ்யோத்ஸ்னா ஜலான், எலேனா கிளின்ஸ்காயா என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். திட்ட மாவட்டங்களைப் போன்ற நிலையில் இருந்த, திட்டம் வராத மாவட்டங்களைத் தேடி எடுத்து ஒப்பிட்டார்கள். திட்டத்தின் கணக்கில் எழுதப்பட்ட முன்னேற்றத்தில் பெரும்பகுதி மற்ற மாவட்டங்களிலும் நடந்திருந்தது. திட்டத்துக்கே உரிய கூடுதல் பலன் சிறியது என்றுதான் முடிவு வந்தது. அந்தத் திட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. பின்னால் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கம் அதன் தோளில்தான் ஏறி நின்றது. ஆனால் அத்தனை கோடிகள் செலவழிந்த பிறகும், எந்தப் பகுதி வேலை செய்தது, எது செய்யவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம். அது ஏழைப் பிள்ளைகளின் பணம்.

உங்கள் திட்டத்துக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். 2021 நவம்பரில் எடுத்த தொடக்க அளவை வைத்துக்கொண்டால் யார் வேண்டுமானாலும் வெற்றி பெறலாம். ஒன்றரை ஆண்டு மூடிக் கிடந்த பள்ளிகள் திறந்த மாதம் அது. தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை 2019இலும், பள்ளிகள் மீண்டும் திறந்த பிறகும் வீட்டுக்கே போய்ச் சோதித்த ஓர் ஆய்வு இருக்கிறது. இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டது. அந்த மீட்சியில், தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வசிப்பிடத்துக்கு அருகிலேயே மாலையில் பாடம் நடத்திய அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பங்கு 24 சதவீதம் என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடிந்தது. நல்ல பங்கு அது. எஞ்சிய முக்கால் பங்கு அந்தத் திட்டம் இல்லாமலும் நடந்திருக்கும். உங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளை 2021 இறுதியிலும் அடுத்த ஆண்டிலும் சோதித்திருந்தால் மொத்த மீட்சியையும் அறக்கட்டளையின் கணக்கில் எழுதியிருப்பீர்கள், யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்குமேல், நீங்கள் வேலை செய்த அதே ஆண்டுகளில் அரசும் சும்மா இருக்கவில்லை. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பையும் கணக்கையும் உறுதிப்படுத்தும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் சில பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. காலையில் பசியோடு வந்த பிள்ளை இப்போது சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காருகிறாள். வருகை கூடியதற்கு அந்த உப்புமாவும் பொங்கலும் காரணமா, உங்கள் கூடுதல் ஆசிரியர் காரணமா? காலை உணவு எல்லாப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, இந்த அரசுத் திட்டங்கள் உங்கள் பள்ளிகளுக்கும் மற்ற மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் ஒன்றுபோலக் கிடைத்தவை. ஆகவே ஒப்பிட ஒரு பள்ளி இருந்தால் இதையும் பிரிக்கலாம்.

அந்தப் பள்ளியை எங்கே தேடுவது? தொடக்கத்தில் எந்தெந்தப் பள்ளிகளைப் பரிசீலித்தீர்கள், ஏன் சிலவற்றை விட்டீர்கள் என்ற கோப்பு அலுவலகத்தில் இருக்கும். நிதி போதாமல் விடப்பட்ட பள்ளிதான் உங்களுக்கு வேண்டியது. தலைமை ஆசிரியர் ஆர்வமாக இருந்தார் என்பதற்காகத் தேர்ந்தெடுத்து, ஆர்வம் இல்லாதவரின் பள்ளியை விட்டிருந்தால் அந்த ஒப்பீடு நிற்காது. அந்த ஆர்வமே பிள்ளைகளைக் கொண்டுவந்திருக்கும். கோப்பில் என்ன காரணம் எழுதியிருக்கிறதோ அதை அறிக்கையில் அப்படியே எழுதுங்கள்.

பிறகு தெருவுக்குப் போங்கள். உங்கள் பள்ளியைச் சுற்றி நான்கைந்து தெருக்கள், ஒப்பீட்டுப் பள்ளியைச் சுற்றி நான்கைந்து தெருக்கள். ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளையும் பட்டியல் எடுங்கள்: எந்தப் பள்ளி, எப்போது சேர்ந்தாள், நேற்று போனாளா. எல்லோரிடமும் ஒரே பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகளையும் விடாதீர்கள். கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் உங்கள் பழைய பட்டியலில் இருந்தால் அவர்களை இடைநின்றவர்கள் என்று எழுதிவிடாமல், எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். உங்களைப் போன்ற கள ஊழியரால்தான் இது முடியும். டெல்லியிலிருந்து விமானத்தில் வந்து இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகும் மதிப்பீட்டாளருக்கு எந்தச் சந்தில் எத்தனை வீடு என்பது தெரியாது.

மேலாளரின் அச்சம் பற்றி. நிதி தருவோர் எல்லோரும் இனிப்பான எண்களை மட்டும் கேட்பவர்கள் அல்லர். உலக வங்கியின் சுயேச்சை மதிப்பீட்டுக் குழு, வங்கி தொடக்கக் கல்விக்கு அளித்துவந்த உதவியை 2006இல் ஆராய்ந்தபோது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்குக் காட்டிய அக்கறை அவர்கள் கற்பதற்குக் காட்டப்படவில்லை என்று தன் நிறுவனத்தைப் பற்றியே வெளிப்படையாக எழுதியது. உங்கள் நிதியாளர்களுக்கும் இந்த விவாதம் புதிதாக இருக்காது. சேர்க்கையையும் வாசிப்பையும் ஒரே பக்கத்தில் போடுங்கள். வாசிப்பு முடிவை, திட்டத்தால் புதிதாக வந்தவர்கள், முன்பே படித்துக்கொண்டிருந்தவர்கள் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுங்கள். பழைய பிள்ளைகள் பின்தங்கவில்லை, புதியவர்கள் மட்டும் இன்னும் திணறுகிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த கட்ட நிதி கேட்க அதைவிட வலுவான காரணம் இல்லை. பழையவர்களும் சறுக்கியிருந்தால் மாலை வகுப்பு நடத்தும் முறையை மாற்றியே ஆக வேண்டும். அதை மறைத்து வாங்கும் நிதி அதே தவறுக்குத்தான் செலவாகும். மேலாளர் ஒத்துக்கொள்ளாவிட்டால், சோதனை முடிவை நீக்கிய அறிக்கையில் தகவல் திரட்டியவர் என்று உங்கள் பெயர் வர வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள்.

ஒரு கோரிக்கை. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை அறிக்கையோடு அனுப்பாதீர்கள், எண்களை மட்டும் அனுப்புங்கள். மீனவர்கள் வாழும் காசிமேட்டுப் பக்கமும் தெருக்கள் எடுப்பதானால் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போக வேண்டாம். வீட்டில் காசு இல்லாத அந்த 61 நாட்களில் கேட்டால் பள்ளி பற்றிய பதில்கள் வேறு மாதிரி வரும். பள்ளி திறந்து, சேர்க்கையும் மாற்றுச் சான்றிதழ் அலைச்சலும் ஓய்ந்த ஜூலைக் கடைசியில் எடுங்கள். அடுத்த கட்டம் கிடைத்தால் அதற்கான தொடக்க அளவாகவும் அதே பட்டியல் இருக்கும்.

அன்புடன்.