பிறந்த தேதியை மாற்றித் தருகிறேன் என்பவரை நம்பலாமா?

கேள்வி: என் மகன் மாவட்ட அளவில் கால்பந்து ஆடுகிறான். கும்பகோணம் அரசு மருத்துவமனையில் 14-12-2011 அன்று பிறந்தான். பிறப்புச் சான்றிதழ் வாங்காமலே விட்டுவிட்டோம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயது பத்தவில்லை என்பதால் 14-05-2011 என்று கொடுத்தோம். இப்போது தெரிந்தவர் ஒருவர், எங்கள் ஊரிலேயே 3-1-2012 அன்று பிறந்ததாகப் புதுச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், பையனுக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார். கையை எக்ஸ்ரே எடுத்தால் மாட்டிக்கொள்வானா? (குத்தாலம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை)

பதில்: எக்ஸ்ரேயால் இருபது நாள் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உங்கள் பையன் காகிதத்திலேயே மாட்டிக்கொள்வான். ஆகவே முதலில் காகிதத்தைப் பேசுவோம்.

அவர் ஏன் ஜனவரி 3 என்கிறார்? உலகக் கால்பந்தில் வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துத்தான். 2017இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 1-1-2000 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களே ஆட முடிந்தது. 31-12-1999 அன்று பிறந்தவனுக்கு இடமில்லை. தேதியை ஜனவரி 3-க்குத் தள்ளினால் உங்கள் பையன் 2012இல் பிறந்தவன் ஆகிவிடுவான், அதே பிரிவில் ஒரு வருடம் கூடுதலாக ஆடலாம். டிசம்பரில் பிறந்த பிள்ளைகளுக்கு இது பெரிய அநியாயம்தான். பிரிவிலேயே வயதில் சின்னவன், உடம்பிலும் சின்னவன் என்று ஒவ்வொரு தேர்விலும் ஓரங்கட்டப்படுகிறான். இதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. அந்த ஓட்டைக்குள்தான் இப்படிப்பட்ட இடைத்தரகர்கள் நுழைகிறார்கள்.

அவர் செய்யப்போவதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கிராமப் பதிவேட்டில் தேடச் சொல்வார். பையன் அங்கே பிறக்கவில்லை, பதிவும் இருக்காது. 'பதிவு இல்லை' என்ற சான்றை வாங்கி, வீட்டில் பிறந்த குழந்தை என்று கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு, தாமதப் பதிவுக்கு உத்தரவு வாங்குவார். பிறந்து ஒரு வருடம் கடந்தால் அந்த உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. சான்றிதழில் பிறந்த தேதிக்குக் கீழே பதிவு செய்த தேதியும் அச்சாகும். 2012இல் பிறந்து இத்தனை வருடம் கழித்துப் பதிந்த சான்றைப் பார்த்ததுமே தேர்வாளர்களுக்குச் சந்தேகம் வரும். அதற்கிடையே, மருத்துவமனைப் பிரசவம் என்பதால் கும்பகோணத்தில் 2011 பதிவு ஏற்கெனவே இருக்கும். ஒரு பிள்ளைக்கு இரண்டு பிறப்பு!

டெல்டாவில் இந்தச் சிக்கல் ஏராளம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில், குடும்பம் மாமியார் ஊரில். பிறப்பு பதிவாவது குழந்தை பிறந்த இடத்தில்தான். மன்னார்குடிக்காரர் மனைவிக்குப் பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் பட்டுக்கோட்டையில்தான் தேட வேண்டும். மன்னார்குடியில் வருடக்கணக்கில் தேடினாலும் கிடைக்காது. இது தெரியாமல், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், இரண்டாவது பதிவு போட்டு மாட்டிக்கொண்ட பெற்றோர் இருக்கிறார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று பிள்ளையின் அம்மாவிடம் கேளுங்கள், போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது: டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு கும்பகோணம் மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவுக்குப் போங்கள். 2011இல் அது நகராட்சி, 2021இல்தான் மாநகராட்சி ஆனது. பிறந்த தேதி, தாய் பெயர், தந்தை பெயர் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் உடனே பெயரைப் பதியுங்கள். பதிவிலிருந்து 15 வருடத்துக்குள் முடிக்க வேண்டும். முகவரியில் நாகப்பட்டினம் மாவட்டம் என்று இருந்தால் பதற வேண்டாம். உங்கள் குத்தாலம் இப்போது இருக்கும் மயிலாடுதுறை 2020இல்தான் தனி மாவட்டமானது. அதைப் பிழை என்று திருத்தப் போகாதீர்கள்.

அடுத்து பள்ளி. அசல் பிறப்புச் சான்றிதழோடு தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து, பதிவேட்டிலும் எமிஸிலும் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவு) 14-12-2011 என்று திருத்தச் சொல்லுங்கள். கல்வி அலுவலகத்துக்குப் போய் உத்தரவாகி வர வேண்டும், இழுத்தடிப்பார்கள், விடாதீர்கள். பத்தாம் வகுப்பு நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியல், தயாராகும் முன் முடியாவிட்டால் பெரும்பாடு. சேர்க்கையின்போது ஒரு சான்றிதழைக் கேட்டு வாங்கியிருந்தால் இந்த அலைச்சலே இல்லை. ஆதாரைக் காட்டிச் சமாளிக்கலாம் என்பார்கள். ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரம் ஆகாது என்று ஆதார் ஆணையமே சொல்லிவிட்டது.

ஒரே பையனுக்கு இரண்டு தேதி இருந்தால் என்ன ஆகும்? 1988 ஒலிம்பிக்கில் நைஜீரியா மூன்று வீரர்களுக்குக் கொடுத்த பிறந்த தேதி, முந்தைய போட்டிகளில் கொடுத்ததோடு ஒத்துப்போகவில்லை. அதற்காகவே அந்த நாட்டு இளையோர் அணிகளுக்குத் தடை விழுந்தது. அதே வருடம் 20 வயதுக்குட்பட்டோர் அணியில் வயது மீறியவர்களை இறக்கிய மெக்சிகோ 1990 உலகக் கோப்பைக்கே போக முடியவில்லை. இங்கேயும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பதிவுமுறையில் முதலில் ஏறும் தேதிதான் பிறகு எல்லா இடத்திலும் ஒப்பிடப்படும். பொய்த் தேதியோடு ஏற்றிவிடாதீர்கள்.

கடைசியாக எக்ஸ்ரே. நம் நாட்டில் இடது கை, மணிக்கட்டைப் படமெடுத்து, எலும்புகளின் வளர்ச்சிக்கு மதிப்பெண் போட்டு எலும்பு வயது சொல்கிறார்கள். உலக அளவில் 2009 முதல் 17 வயதுக்குட்பட்ட ஆண்கள் உலகக் கோப்பையில் எம்ஆர்ஐ ஸ்கேன். மணிக்கட்டருகே ஆர எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு) வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் இடம், முழுக்க இணைந்துவிட்டால் வயது மீறியவன் என்று முடிவு. சீக்கிரம் வளர்ந்த பிள்ளையின் எலும்பு பிறந்த தேதியைவிட முந்தி நிற்கும், நேர்மையான பையனும் விழலாம். அப்படி நடந்தால் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம் என்று போட்டி விதியில் பார்த்து, எழுத்தில் கொடுங்கள். அந்த மேல்முறையீட்டில் கூட வைக்க, பிறந்த வருடமே பதிவான கும்பகோணம் சான்றிதழைவிட நல்ல காகிதம் கிடையாது.