கூட இருக்கும் சிநேகிதிகளிடம் இயேசுவைப் பற்றிப் பேசுவது எப்படி?

கேள்வி: அக்கா, நான் பட்டர்வொர்த் பெண். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என்னோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கும் மூன்று பேரும் இந்துப் பிள்ளைகள், நல்ல சிநேகிதிகள். எங்கள் சபை யூத் லீடர் அண்ணன் ஒரு கட்டுக் கைப்பிரதி கொடுத்திருக்கிறார். அதைக் கல்லூரியில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னேன் என்று மாதக் கடைசியில் கணக்குச் சொல்ல வேண்டுமாம். கொடுத்தால் "அல்லேலூயா வந்துட்டா" என்று கிண்டல் செய்வார்கள், கொடுக்காவிட்டால் மனசு உறுத்துகிறது. மூவரில் ஒருத்தி அவளாகவே இயேசுவைப் பற்றிக் கேட்கிறாள், ஆனால் அவள் வீட்டுக்குத் தெரிந்தால் பெரிய பிரச்சினை ஆகிவிடும். நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்தக் கட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள் தங்கச்சி. கைப்பிரதி கெட்டது என்று சொல்ல வரவில்லை, அதைப் படித்து விசுவாசத்துக்கு வந்தவர்கள் நம் சபைகளில் உண்டு. ஆனால் கல்லூரி வாசலில் நின்று வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் நீட்டுகிற வேலை உங்களுக்கு வேண்டாம். அதற்குச் சட்டக் காரணம் ஒன்று இருக்கிறது, அதைவிடப் பெரிய காரணமும் ஒன்று இருக்கிறது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் யூத் லீடர்களில் பல பேர் இதைச் சொல்லிக்கொடுப்பதே இல்லை. தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு சொல்கிறது. அதே பிரிவின் 4ஆவது உட்பிரிவு, முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. சிலாங்கூரில் அப்படி ஒரு சட்டம் 1988லேயே வந்துவிட்டது. "நான் கே.எல்.லில்தானே படிக்கிறேன்" என்பீர்கள். சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா, காஜாங் எல்லாம் பேச்சுக்குத்தான் கே.எல்., நிலம் சிலாங்கூர். கூட்டமாகப் போகிறவர்களில் யார் எந்த மதம் என்று முகத்தைப் பார்த்தோ பேச்சைக் கேட்டோ சொல்ல முடியாது. உங்கள் பினாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் எத்தனை தலைமுறையாக அங்கே இருக்கின்றன, சிலர் நம்மைவிட நல்ல தமிழ் பேசுவார்கள். இன்னொரு பக்கம், சரவாக்கிலிருந்து வந்த பிள்ளை வாய் திறந்தால் மலாய்தான், ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு முன்னால் சர்ச்சில் போய் உட்கார்ந்திருக்கும். முஸ்லிம் நண்பர்களோடு நன்றாகப் பழகுங்கள், கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள், அதற்கு மேல் புத்தகம், அழைப்பு, பைபிள் வாசிப்பு எதுவும் வேண்டாம். வளாகத்துக்குள் கூட்டம் போடவோ தாள் கொடுக்கவோ நினைத்தால், முதலில் மாணவர் விவகாரப் பிரிவில் கேளுங்கள். கல்லூரியில் பதிவு பெற்ற சி.எஃப். (கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம்) இருந்தால் அதன் வழியாகப் போவது நல்லது, எஃப்.இ.எஸ். மாதிரி மாணவர் ஊழியம் செய்கிறவர்களுக்கும் இதெல்லாம் அத்துப்படி.

சரி, பெரிய காரணத்துக்கு வருகிறேன். எந்த முறையில் சொல்வதாக இருந்தாலும் மாணவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: உன் சிநேகிதி "எனக்கு வேணாம்பா" என்று சொன்னால், அவள் எதையாவது இழப்பாளா? உன் நட்பையா, அசைன்மென்டுக்கு நீ செய்கிற உதவியையா, காரில் ஏற்றிக்கொண்டு போவதையா, சபையில் நடக்கிற இலவச டியூஷனையா? இழப்பாள் என்றால் அந்த முறையை விட்டுவிடு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறந்தநாள் விருந்து என்று சொல்லிக் கூப்பிடுவார்கள். பிள்ளைகளும் நல்ல உடை உடுத்தி, கையில் பரிசோடு வருவார்கள். கேக் வெட்டின கையோடு மூலையில் உட்கார்ந்திருந்த பாஸ்டர் எழுந்து மைக்கைப் பிடிப்பார், முக்கால் மணி நேரம் பிரசங்கம், கடைசியில் எல்லாரும் கண்ணை மூடுங்கள், ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்பார். அப்படி ஒரு விருந்தில் என் பக்கத்தில் இருந்த பிள்ளை கண்ணைப் பாதி திறந்து சுற்றிப் பார்த்தாள், பிறகு கையைத் தூக்கினாள். அன்றைக்கு அவளும் கணக்கில் சேர்ந்தாள். அடுத்த வாரத்திலிருந்து கூப்பிட்ட சிநேகிதியின் போனையே எடுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பாடு போடுங்கள், கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கூட்டம் என்று சொல்லிக் கூப்பிடுங்கள். வருகிறவர்கள் வருவார்கள்.

மாற்கு 10ஆம் அதிகாரத்தில் ஒரு பணக்காரன் இயேசுவிடம் ஓடி வந்து முழங்கால்படியிடுகிறான், பதில் பிடிக்காமல் துக்கத்தோடு திரும்பிப் போய்விடுகிறான். இயேசு அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது. ஆனாலும் பின்னாலேயே ஓடிப் போய் அவனை இழுத்து வரவில்லை, நிபந்தனையைக் குறைத்துப் பேசவும் இல்லை. அவரே போகவிட்டார் என்றால் நமக்கு என்ன அவசரம்?

இப்போது உங்கள் வீட்டு விஷயம். ஒரே வீட்டில் இருக்கிறவர்களிடம் பிரசங்கம் எடுபடாது, சிங்கில் நீங்கள் கழுவாமல் போட்டுவிட்டுப் போன தட்டை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அதனால் விசுவாசத்தை ஒளிக்கவும் வேண்டாம், காட்சிக்கு வைக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறப் போகலாம் என்று கூப்பிட்டால், "வேலை இருக்கு" என்று மழுப்பாமல் "சர்ச்சுக்குப் போறேன், பதினொன்றரைக்கு மாமாக் கடைக்கு வந்துடுறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வந்தும் சேருங்கள். கிண்டல் வந்தால் நீங்களும் சேர்ந்து சிரித்துவிடுங்கள். சிநேகிதிகள் "அல்லேலூயா" என்று கூப்பிடுவதில் பாதிக்கு மேல் செல்லம்தான், அதைத் துன்புறுத்தல் என்று சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் சொல்லிவிடாதீர்கள்.

பேச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பும் நேரம் வரும். ரிசல்ட் வந்த ராத்திரி, யாருக்காவது காதல் முறிந்த ராத்திரி, ஊரில் பாட்டி தவறிப்போன செய்தி வந்த ராத்திரி. அப்போதுகூட ஆரம்பிக்கும் முன் கேளுங்கள்: "நான் இதை எப்படிப் பாக்குறேன்னு சொல்லட்டுமா, இல்ல இப்ப வேணாமா?" வேண்டாம் என்றால் தே தாரிக் போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். சொல்லு என்றால் ஐந்து நிமிஷம் போதும். நீங்கள் ஏன் நம்புகிறீர்கள், அதனால் எது மாறியது, எது இன்னும் மாறவில்லை என்று சொல்லுங்கள். அந்தக் கடைசிப் பகுதியை நம் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள், கேட்கிறவர்களுக்கு நம்பிக்கை வருவது பெரும்பாலும் அதனால்தான்.

தானாகவே கேட்கிற அந்தச் சிநேகிதியோடு மாற்கு சுவிசேஷத்தை வாசியுங்கள். நான்கு சுவிசேஷங்களில் சின்னது அதுதான், 16 அதிகாரம், வாரம் ஒன்று என்றால் ஒரு செமஸ்டரில் முடிந்துவிடும். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுவதால் நன்றாகத் தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்கே பழைய மொழிபெயர்ப்பு தடுக்கும், அவளுக்கு எது சரளமோ அதிலேயே வாசியுங்கள், ஆங்கிலமானாலும் பரவாயில்லை. அவள் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். இதில் எது ஆச்சரியமாக இருந்தது, எதை ஒத்துக்கொள்ள முடியவில்லை, இயேசு எப்படிப்பட்ட ஆளாகத் தெரிகிறார், இவ்வளவுதான். சி.எஃப்.பிலிருந்து மூன்று பேரைக் கூட்டி வந்து அவளைச் சுற்றி உட்கார வைக்காதீர்கள். அவள் கேட்கிற கேள்விகள் உங்களுக்குப் பழகினவையாக இருக்காது. இரண்டாம் அதிகாரத்தில் நாலு பேர் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனைக் கீழே இறக்குகிறார்களே, அதை வாசித்துவிட்டு ஒரு மாணவி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கூரைய அப்புறம் யாரு கட்டிக் கொடுத்தா?" என்பது. வேதபாட வகுப்பில் வளர்ந்த யாருக்கும் தோன்றாத கேள்வி. பதில் அங்கே எழுதியில்லை, எழுதியில்லை என்றே சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவளிடம்தான் அடுத்த கேள்வி வரும்.

"எல்லாச் சாமியும் ஒண்ணுதானே" கட்டாயம் வரும். உடனே வசனத்தை எடுக்காதீர்கள், அவள் என்ன அர்த்தத்தில் சொல்கிறாள் என்று கேளுங்கள். பல நேரம் அது தத்துவமே இல்லை, "என் பாட்டியின் பக்தியைப் பொய்யென்று சொல்லிவிடாதே" என்ற வேண்டுதல்தான். உங்கள் நம்பிக்கை வேறு என்பதை மறைக்காமல் சொல்லலாம், பாட்டியைக் குறைத்துப் பேசாமலும் சொல்லலாம். "இது வெள்ளைக்காரன் மதம்" என்றால், ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706, தமிழில் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது 1715, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் அதற்கும் எத்தனையோ நூற்றாண்டு முந்தியவர்கள் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவள் அடுத்து "அப்ப உங்க ஆளுங்க ஏன் கல்யாணத்துக்குச் சாதி பாக்குறாங்க?" என்று கேட்டால், பார்க்கிறார்கள் என்பதை ஒத்துக்கொள்ளுங்கள்.

ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "உனக்காக ஜெபிக்கட்டுமா" என்று கேட்பதில் தவறே இல்லை, பெரும்பாலான இந்துப் பிள்ளைகள் சந்தோஷமாகச் சரி என்பார்கள். ஆனால் அம்மாவின் புற்றுநோய் குணமாகிவிடும், பேப்பர் பாஸாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்கள் பக்கமே அவளை விடாதீர்கள். ஒருத்தி நாள் கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், வாழவே பிடிக்கவில்லை என்று பேசினால் அது பிசாசுமில்லை, விசுவாசக் குறைவுமில்லை. ஜெபம் செய்யுங்கள், அன்றைக்கே கல்லூரிக் கவுன்சலரிடமும் கூட்டிப்போங்கள். கே.எல்.லிலும் பினாங்கிலும் மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கிற பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு இருக்கிறது, போனில் பேசலாம், அவர்கள் மதம் பார்ப்பதில்லை.

தைப்பூசத்துக்குச் சிநேகிதி பால்குடம் எடுக்கிறாள் என்றால் பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ போய் நின்று கைப்பிரதி கொடுக்கிற எண்ணமே வேண்டாம், விரதமிருந்து வெறுங்காலில் நடந்து வருகிறவளிடம் தாளை நீட்டுவது அவமரியாதை. பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தால் சாப்பிடலாமா என்பதில் சபைக்குச் சபை கருத்து வேறு, 1 கொரிந்தியர் 8, 10 இரண்டு அதிகாரத்தையும் வாசித்துவிட்டு உங்கள் மனசாட்சிப்படி முடிவு செய்யுங்கள். வாங்குவதில்லை என்றால் முகம் சுளிக்காமல், "எனக்குன்னு நெனச்சு கொண்டுவந்ததே சந்தோஷம்டி, எங்க பழக்கத்துல சாப்பிட மாட்டோம்" என்று சொன்னால் போதும்.

இனி அவள் வீடு. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் சொதப்புவது. அவள் நம்பத் தொடங்கினால், முதலில் பயப்படப்போவது அப்பா அம்மாதான், அந்தப் பயத்தை வெறும் எதிர்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக்கு எங்களுக்குக் காரியம் யார் செய்வது, மகனாக இருந்தால் கொள்ளி யார் வைப்பது, சொந்தக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது, கல்யாணம் எப்படி நடக்கும். இதற்கெல்லாம் அவளே உட்கார்ந்து யோசிக்க நேரம் வேண்டும், கேம்ப்பில் ஒரு ராத்திரி அழுத கையோடு ஞானஸ்நானம் கொடுத்து அனுப்பினால் அந்த நேரம் கிடைக்காது. ஒரு வருஷம் போனாலும் போகட்டும். வீட்டுச் சாமி அறை அம்மாவுடையது, அதில் ஒரு படத்தைக்கூட அவள் தொடக் கூடாது. பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். வீட்டில் சொல்ல வேண்டிய நாள் வந்தால் அவளே சொல்லட்டும், அவள் விரும்பினால் உங்கள் பாஸ்டரும் பாஸ்டர் அம்மாவும் நேரில் போய்ப் பெற்றோரைப் பார்க்கட்டும், அவர்கள் திட்டினால் கேட்டுக்கொண்டு வரட்டும். பதினெட்டு வயது ஆகாத ஃபவுண்டேஷன் (பட்டப்படிப்புக்கு முந்திய வகுப்பு) பிள்ளைகள் யாராவது கேட்டால் பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் செய்யக் கூடாது, அந்த வயதில் மதத்தை முடிவு செய்வது பெற்றோர் என்று அரசியலமைப்பின் 12ஆவது பிரிவே சொல்கிறது.

யூத் லீடர் அண்ணனிடம் எண்ணிக்கை சொல்ல முடியாது என்று தைரியமாகச் சொல்லுங்கள், வேண்டுமானால் இந்தப் பதிலையே காட்டுங்கள். அவர் உங்கள் சிநேகிதியின் பெயரைக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். "இந்தச் சகோதரிக்காக ஜெபியுங்கள், வீட்டில் எதிர்ப்பு" என்று சபை வாட்சாப் குழுவில் ஒருவர் போட்டுவிட்டால் அது ஃபார்வர்ட் ஆகி எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது, பட்டர்வொர்த்துக்கும் கே.எல்.லுக்கும் நடுவில் நம் ஆட்களுக்கு எத்தனை சொந்தம் என்பது உங்களுக்கே தெரியும். அவளைப் பற்றி யாரிடம் சொல்லலாம் என்பதை அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.